லியோனார்டோ வெட்ராவின் எதிர்ப்பொருள் நிஜத்தில் சாத்தியமா?

டான் பிரவுன் 2000-இல் எழுதிய ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்’ நாவலில் வரும், செர்ன் என்ற ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுக்கூடத்தின் இயற்பியலாளர்தான் லியோனார்டோ வெட்ரா; பாதிரியாரும்கூட. கதை தொடங்கும்போதே கொல்லப்படுகிறார். அவர் உருவாக்கிய கால் கிராம் எதிர்ப்பொருள் திருடுபோய் வாத்திகனில் ஒளித்து வைக்கப்படுகிறது.

எதிர்ப்பொருள் வெறும் கற்பனை அல்ல. எலக்ட்ரானுக்கு பாசிட்ரான் என்றொரு ஜோடி உண்டு: எடை அதே, மின்னூட்டம் மட்டும் நேரெதிர். இப்படிப்பட்ட எதிர்த் துகள்களால் ஆனதுதான் எதிர்ப்பொருள். இரண்டும் தொட்டுக்கொண்டால் இரண்டுமே அழிந்து ஆற்றலாகிவிடும். மருத்துவமனைகளின் பெட் ஸ்கேன் இயங்குவதே இதை வைத்துத்தான்.

எதிர்ப்பொருளை எந்தப் பாத்திரத்தில் வைத்தாலும் அதன் சுவரும் சாதாரணப் பொருள்தானே? அதனால் வெற்றிடத்தில், சுவரில் படாமல், மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் அந்தரத்தில் பிடித்து வைக்க வேண்டும். வெட்ராவின் குடுவை செய்வதும் அதுதான். இந்த இடத்தில் நாவல் சரி. செர்னில் எதிர் ஹைட்ரஜன் (ஹைட்ரஜனின் எதிர்ப்பொருள் ஜோடி) அணுக்களை 16 நிமிடத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்ததாக 2011-இல் அறிவித்தார்கள்.

இடிப்பது அளவில்தான். அது சில நூறு அணுக்கள் சம்பந்தப்பட்ட சோதனை. கால் கிராம் என்பது அதற்குக் கிட்டேகூட வராது. செர்ன் இதுவரை தயாரித்த மொத்தத்தையும் சேர்த்து அழித்தாலும் ஒரு பல்பு சில நிமிடம் எரியும், அவ்வளவுதான்.

அப்புறம், எதிர்ப்பொருள் உலகத்தின் மின்தட்டுப்பாட்டைத் தீர்க்கும் என்று நாவலைப் படித்துவிட்டுப் பலர் நம்புகிறார்கள். தீர்க்காது. மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றி, அது கீழே விழும் வேகத்தில் மின்சாரம் எடுக்கப் பார்ப்பதுபோல, கிடைக்கும் ஆற்றலைவிடப் பல மடங்கு எதிர்ப்பொருளைத் தயாரிக்கவே செலவாகிவிடும்.