பில்லில் வெறும் ‘பேக்’ என்று எழுதினால்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என் கணவருக்குப் புற்றுநோயால் சலப்பையை எடுத்து, வயிற்றில் துவாரம் வைத்து ஒட்டுப்பை போட்டிருக்கிறார்கள். ஏழு மாத பில்லைக் காப்புறுதிக்கு அனுப்பினேன். ‘பொருள் விபரம் இல்லை’ என்று திருப்பிவிட்டார்கள். பார்மசி பில்தானே, இன்னும் என்ன வேண்டும்?
- செங்கலடி வாசகி

பதில்: அம்மா, பிழை உங்களுடையதல்ல. நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். ‘பேக் 10’ என்று ஒரு வரி, கீழே தொகை. அது சலத்துக்கா, மலத்துக்கா, இரவில் கட்டிலில் தொங்கவிடும் பையா என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் மூன்றும் வேறு வேறு. சலத்துக்கான ஒட்டுப்பைக்கு அடியில் திறந்து மூடும் குழாய் இருக்கும். சலம் மேலே திரும்பாமல் உள்ளே ஒரு தடுப்பு இருக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு இதே சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த கிழமை, டவுனில் ஒரு கடையில் ஒரு பெட்டி வாங்கினேன். இரவு பிரித்தால் பையின் அடி ஒட்டியிருந்தது, குழாயே இல்லை. விடியுமுன் மூன்று தரம் படுக்கை விரிப்பு மாற்றினோம். அப்பா ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் கடைக்காரர் பில்லைக் காட்டி, “பேக் என்று கேட்டீங்க, பேக் தந்தோம்” என்றார். என்னிடம் மறுசொல் இல்லை.

பெட்டியின் பக்கத்தில் பொருள் எண், லொட் எண் (எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் எண்), காலாவதித் திகதி, மில்லிமீற்றர் அளவு எல்லாம் அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்து எழுத அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிப்பதால் ஒரு நோயாளியின் ஏழு மாதக் காசு முடங்கிக் கிடக்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பழைய பில்களுடன் அதே பார்மசிக்குப் போய், விபரத்தோடு திரும்ப எழுதி முத்திரை வாங்குங்கள். கிளினிக்கில் ஒரு கடிதம் கேளுங்கள். என்ன சத்திரசிகிச்சை, துவாரம் நிரந்தரமா, மாதம் எத்தனை பை தேவை என்பவை அதில் இருக்கட்டும். நோய்க் குறியீடு கேட்டால், ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலில் சலவழித் துவாரத்துக்கு இசட்93.6. மலத் துவாரத்துக்கான இசட்93.3ஐ மாறி எழுதிவிட்டால் திரும்பவும் நிராகரிப்பார்கள். திருப்பி அனுப்பிய கடிதத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

கேள்வி: தோலில் ஒட்டும் 45 மில்லிமீற்றர் தட்டுக்கு 57 மில்லிமீற்றர் பை வாங்கிவிட்டேன். பிரித்த பெட்டியைக் கடை எடுக்கவில்லை.
- அக்கரைப்பற்று வாசகர்

பதில்: எடுக்கமாட்டார்கள், எடுக்கவும் கூடாது. அளவு பெட்டியில் பெரிதாக இருக்கிறது. பழைய தட்டின் பெட்டியைக் கையோடு கொண்டுபோய் வாங்குங்கள் என்று இந்தப் பகுதியில் முன்பும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பேஸ்புக்கில் பாதி விலைக்கு வாங்கிய பை ஒட்டவே இல்லை. திகதியும் இல்லை, பில்லும் இல்லை.
- கல்முனை வாசகர்

பதில்: திகதி இல்லாத பொருளை ஏன் கையில் எடுத்தீர்கள்? உடம்பில் ஒட்டுவது. பாவிக்க வேண்டாம். காசு அனுப்பிய ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் படம் எடுத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கு வந்த பில்லில் ஏ5071 என்று இருக்கிறது. அவர் பாவிப்பது தட்டு வேறு, பை வேறு. காப்புறுதி மறுத்துவிட்டது. இது என்ன?
- கல்லடி வாசகி

பதில்: அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீடு. ஏ5071 என்பது தட்டும் பையும் ஒன்றாக ஒட்டியிருக்கும், சலத்துக்கான ஒட்டுப்பை. தட்டில் பொருத்தும் தனிப்பைக்கு ஏ5073. மறுப்புக் கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இதுதான் காரணமென்றால், பொருளை அனுப்பிய நிறுவனமே திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டும். அதுவரை கையிலிருந்து காசு கட்ட அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: நான் கூலி வேலை. காப்புறுதி இல்லை. அம்மாவுக்குச் சலத்துக்கான ஒரு பையைப் பத்து நாள் வைத்திருக்கிறோம். சுற்றிவரத் தோல் புண்ணாகிவிட்டது.
- வாழைச்சேனை வாசகர்

பதில்: தம்பி, முதலில் புண்ணைக் கிளினிக்கில் காட்டுங்கள், நாளைக்கே. பொதுவாக மூன்று நான்கு நாளில் மாற்ற வேண்டியது அது. தட்டின் துளை ஸ்டோமாவை (வயிற்றில் வைத்த துவாரத்தை) விட 2, 3 மில்லிமீற்றர்தான் பெரிதாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் சலம் தோலில் பட்டு இப்படித்தான் புண்ணாகும். தாதியிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள், பை கிடைக்க வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. விண்ணப்பம் எழுத ஆளில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டிக் கூட்டி விற்கிறார்கள்.
- களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழையுங்கள். ஸ்டிக்கரை உரிக்காமல் பெட்டியை அப்படியே வையுங்கள்.