குவாதலூப் போன முன்னோரைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் எள்ளுத் தாத்தாவின் தம்பி காரைக்காலில் கப்பலேறி குவாதலூப் போனாராம். அது தனி நாடா? அவர் வழி வந்தவர்களை இப்போது தேட முடியுமா?

பதில்: தனி நாடு இல்லை. கரீபியக் கடலில் இருந்தாலும் குவாதலூப் 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். யூரோதான் அங்கே பணம். மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம். பட்டாம்பூச்சி இறக்கைபோல ஒட்டிக் கிடக்கும் இரண்டு தீவுகள்தான் அதன் உடல். மேற்கே பாஸ்தேர், பெயருக்குத் 'தாழ்ந்த நிலம்' என்று பொருள், ஆனால் 1,467 மீட்டர் உயர எரிமலை நிற்பது அங்கேதான். கிழக்கே கிராந்தேர், கரும்பு விளையும் சமநிலம்.

1635இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறி, ஆப்பிரிக்க அடிமைகளை வைத்துக் கரும்பு போட்டார்கள். 1794இல் ஒழித்த அடிமை முறையை 1802இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். 1848இல்தான் அது அடியோடு ஒழிந்தது. தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். முதல் கப்பல் 'ஒரேலி' 1854 டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் போயிருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை கேட்டு 1904இல் வழக்காடத் தொடங்கினார் அங்கேயே பிறந்த இந்திய வம்சாவளியினரான ஆன்றி சிதம்பரம், கிடைத்தது 1923இல். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

சரி, தேடலுக்கு வருவோம். பலர் தடுக்கி விழுவது பெயரின் எழுத்தில்தான். முத்துசாமியை நாம் ஆங்கிலத்தில் 'எம், யு' என்று தொடங்குவோம்; பிரெஞ்சு எழுத்தர் 'எம், ஓ, யு' என்று எழுதியிருப்பார். 'சாமி'க்கு முன்னால் இரண்டு 'எஸ்' போட்டிருப்பார், ஏனென்றால் உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் பிரெஞ்சில் அது 'இசட்' ஒலியாகிவிடும். சிதம்பரத்தை 'சி'யில் தேடாதீர்கள், 'எஸ்'ஸில் தேடுங்கள். கடைசியில் 'ஓ, எம்' இருக்கும். தாத்தாவின் பெயரை இப்படி நாலைந்து விதமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தகப்பனார் பெயரும் வேண்டும்.

அப்புறம், பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்துக்குப் போங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை ஊர்வாரியாக இலவசமாகப் பார்க்கலாம். இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் கப்பேஸ்தேர், சேன்-பிரான்சுவா ஊர்களில் தொடங்குங்கள். நேரில் போவதானால் ஒன்று: ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் பகுதிக்குள் குவாதலூப் வராது. விசா விண்ணப்பத்திலேயே தீவின் பெயரைக் குறிப்பிடுங்கள்.