கேள்வி நேரம்: டைரோஸ் காலத்து மேகப்படங்கள்

கே: முதல் வானிலைச் செயற்கைக்கோள் டைரோஸ்-1 என்று பாடநூலில் இருக்கிறது. மேகம் பார்க்க அமெரிக்கா அனுப்பிய வான்கார்டு-2 அதற்கு முன்பே போய்விட்டதே? (மன்னார்குடி வாசகர்)

ப: போனது உண்மைதான். 1959 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்ட அது, சுமார் 51 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருண்டை. உள்ளே வெளிச்சத்தை உணரும் இரண்டு ஒளிமின்கலங்கள். உருண்டை சுழலச் சுழல அவை பூமியை வரிவரியாகத் துழாவி, எங்கே மேகத்தின் வெளிச்சம், எங்கே கடலின் இருட்டு என்று சொல்ல வேண்டும். சுழல் அச்சோ தலை சாயும் பம்பரம் போலத் தள்ளாடியது. வரிகள் தாறுமாறாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததால் அவற்றைப் படமாகக் கோக்க முடியவில்லை. பலன் தந்த முதல் கலம் என்றால் 1960 ஏப்ரல் 1 அன்று கேப் கனாவரலில் இருந்து கிளம்பிய டைரோஸ்-1தான். பாடநூலில் ‘வெற்றிகரமான’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் இந்தக் கேள்விக்கே வேலை இருந்திருக்காது.

கே: டைரோஸ்-1 ஒருநாள் முழுக்கப் பூமியைப் படம் பிடித்துக்கொண்டே இருந்ததா? (கோவில்பட்டி வாசகர்)

ப: ஒரு சுற்றில் கால்பங்கு நேரம் கிடைத்தாலே பெரிது. 107 செ.மீ. அகலம், 18 பக்கங்கள், சுமார் 122 கிலோ எடை. பார்வைக்கு ஒரு பெரிய தவில் எனலாம். மேல்தட்டிலும் பக்கவாட்டிலும் 9,000க்கு மேற்பட்ட சூரிய மின்கலங்கள். அடித்தட்டில் இரண்டு டிவி கேமராக்கள். தடுமாறாமல் இருக்க நிமிடத்துக்கு 8 முதல் 12 முறை சுழல விட்டார்கள். வேகம் குறைந்தால் தட்டி எழுப்ப, விளிம்பில் ஐந்து ஜோடிக் குட்டி ராக்கெட்டுகள்.

சுழலும் பொருளின் அச்சு விண்வெளியில் ஒரே திசையைத்தான் காட்டும். கலம் பூமியைச் சுற்றினாலும் அச்சு கூடவே திரும்பாது. ஒரு பக்கம் வரும்போது கேமரா நேர் கீழே பார்க்கும். அரைச் சுற்று கழித்து அதே கேமரா வெறும் வானத்தைப் பார்க்கும். பூமியைப் பார்க்கும் நேரத்திலும் கீழே பகலாக இருக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பாதையின் சாய்வு 48 பாகைதான் என்பதால் துருவப் பக்கங்கள் கண்ணிலேயே படவில்லை.

எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. கலத்துக்குள் ஓடும் மின்சாரமும் பூமியின் காந்தப்புலமும் ஒன்றையொன்று தள்ளியதில், அசையாது என்று நம்பிய அச்சு மெல்ல நகர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் போன டைரோஸ்-2இல் ஒரு கம்பிச்சுருளைச் சுற்றி, அதில் விடும் மின்சாரத்தைத் தரையிலிருந்தே மாற்றி, அந்தத் தொல்லையையே திசைதிருப்பும் கருவியாக்கினார்கள். 1965 ஜனவரியில் டைரோஸ்-9 வண்டிச் சக்கரம் போல உருண்டுகொண்டே போனது. கேமராக்கள் பக்கவாட்டுக்கு மாறின. ஒவ்வொரு உருளலிலும் லென்ஸ் தரையை நோக்கும் கணத்தில் மட்டும் படம் எடுத்தன.

கே: அந்தப் படங்களில் வடக்கு எது, இடம் எது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? (பரமக்குடி வாசகர்)

ப: படம் எடுப்பதைவிடக் கடினமான வேலை இதுதான். அகலக்கோணக் கேமராவின் ஒரு படம் சுமார் 1,200 கி.மீ. சதுரம், 500 வரிகள். ஆகவே இரண்டரை கி.மீ.க்குச் சிறியது தெரியாது. படங்களை வாங்கும் தரைநிலையத்தின் எல்லைக்கு வெளியே எடுத்தவை காந்த நாடாவில் பதியும், ஒரு கேமராவுக்கு 32 படங்கள் வரை. 30 வினாடிக்கு ஒன்று என்றால் 16 நிமிடத்தில் நாடா நிரம்பிவிடும்.

படம் இறங்கியதும் மூன்று கணக்குகள் வேண்டும். முதலாவது, எடுத்த நேரத்தில் கலம் எங்கே இருந்தது என்பது. கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் இடம் 400 கி.மீ. தள்ளிப்போகும். அடுத்தது, அச்சு எவ்வளவு சாய்ந்திருந்தது என்பது. மூன்றாவது, கலம் அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது. நிமிடத்துக்குப் பத்துச் சுழற்சி என்றால் ஒரு வினாடிக்கு 60 பாகை! இதற்காகவே பக்கங்களில் ஒன்பது சூரிய உணரிகள் இருந்தன. மூன்றும் கிடைத்தபின் சாய்கோணத்துக்கு ஏற்ப வளைந்த அட்ச, தீர்க்கக் கோடுகளைப் படத்தின்மேல் வரைவார்கள். செங்கடல் போல அடையாளம் தெரிந்த கரை ஒன்று படத்தில் விழுந்தால் கோடுகளை அதோடு பொருத்திச் சரிபார்க்கலாம். நடுக்கடலில் அந்த வசதி கிடையாது. பனியும் மேகமும் ஒரே வெள்ளை என்பது தனித் தலைவலி. கடைசியில் வானிலை அலுவலகங்களுக்குப் போனது பெரும்பாலும் படமே அல்ல. அதைப் பார்த்துக் கையால் வரைந்த மேக வரைபடம்.

இவ்வளவு இடைஞ்சலோடும் ஏவிய பத்தாம் நாளுக்குள் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே ஒரு புயல் சிக்கியது. 78 நாளில் 22,952 படங்கள், பயன்பட்டவை 19,389.

கே: அந்நாளில் சாதாரண ஆட்களே செயற்கைக்கோள் படம் பிடித்தார்களாமே? இப்போதும் முடியுமா? (ஈரோடு வாசகர்)

ப: 1963 டிசம்பர் 21 அன்று ஏவிய டைரோஸ்-8 அதற்கு வழி திறந்தது. நாடாவில் சேர்த்துவைக்காமல், எடுத்த படத்தை அப்போதே வானொலியில் விட்டது. 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் எஃப்எம் அலை. அதன்மேல் 2,400 ஹெர்ட்ஸ் ஒலி, அதன் பலம் வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். வினாடிக்கு 4 வரி, மொத்தம் 800 வரி. ஒரு படத்துக்கு 200 வினாடி.

வீட்டில் அதைப் பிடிப்பவர்கள் சொதப்பும் இடங்கள் மூன்று. கலம் நெருங்கும்போதும் விலகும்போதும் டாப்ளர் விளைவால் அலைவரிசை சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் இங்குமங்கும் நகரும். குறுகிய வடிகட்டி உள்ள ரிசீவர் அதைக் கடித்துத் துப்பிவிடும். ஒற்றைக் கம்பி ஆண்டெனாவில் சிக்னல் அவ்வப்போது மங்கும், அதனால் குறுக்கு டைபோலோ (இரு கம்பி ஆண்டெனாக்களைக் குறுக்காக வைத்தது) சுருள் ஆண்டெனாவோ வைப்பார்கள். மூன்றாவது, தாளைச் சுற்றி, ஒரு சுழற்சிக்கு ஒரு வரியாகப் படம் வரையும் உருளை. அதன் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் 800 வரி முடிவதற்குள் படம் தன் அகலத்தில் முக்கால் பங்குக்கு மேல் சரிந்துவிடும். வீட்டு மின்சாரத்தின் அலைவெண்ணை நம்பி மோட்டார் ஓட்டியவர்களுக்குக் கிடைத்தது சாய்ந்த கடற்கரைதான். மாறாத துடிப்பு தரும் படிக அலையியற்றி வைத்தால் நேராகும். டேப்பில் பதிந்து பிறகு ஓட்டுவதானால், மாறாத ஒரு ஒலியை இரண்டாம் தடத்தில் சேர்த்துப் பதிந்து, உருளையை அதற்கு இணங்க ஓட்ட வேண்டும்.

இந்த முறையில் கடைசிவரை ஒலிபரப்பிய அமெரிக்காவின் நோவா வானிலைக் கலங்கள் 2025இல் நிறுத்தப்பட்டன. இப்போது ரஷ்யாவின் மீட்டியோர்-எம் கலங்களை 137.9 அல்லது 137.1 மெகாஹெர்ட்ஸில் பிடிக்கலாம், ஆனால் டிஜிட்டல். கம்ப்யூட்டரில் செருகும் எஸ்டிஆர் டாங்கிள் (மென்பொருளால் இயங்கும் குட்டி ரேடியோ ரிசீவர்) ஒன்று, தலா 53 செ.மீ. நீளமுள்ள இரு கம்பிகளை 120 பாகை விரித்துக் கிடைமட்டமாக வைத்த ஆண்டெனா, சாட்டம்ப் (SatDump) என்ற இலவச மென்பொருள் போதும். மொட்டைமாடி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கே: இந்தியாவுக்கு இதெல்லாம் எப்போது வந்தது? (திண்டிவனம் வாசகர்)

ப: டைரோஸ்-8 உடனேயே. இந்தியப் பெருங்கடல் ஆய்வுக்காகப் பம்பாய் கொலாபாவில் வைத்த நிலையம் அதன் படங்களை வாங்கியது. நம் சொந்தக் கலமான இன்சாட்-1பி, கடலுக்கு மேலே ஒரே இடத்தில் நின்று பார்க்கத் தொடங்க 1983 ஆனது.