கேளுங்கள்: கோழிகளை மயக்கிய சேவல்

கேள்வி: பழைய கார்ட்டூன் ஒன்றில் ஒல்லிச் சேவல் பாட, கோழிகள் மயங்கி விழுகின்றன. யாரைக் கேலி செய்கிறார்கள்?

பதில்: அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவை. படம், வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1944இல் வெளியிட்ட ‘ஸ்வூனர் குரூனர்’. இயக்கம் ஃபிராங்க் டாஷ்லின். போர்க்கால முட்டை ஆலையில் கோழிகள் அந்தக் குரலில் சொக்கி வேலையை மறக்கின்றன. இன்னொரு பாடகரான பிங் கிராஸ்பியின் ஜாடையில் இன்னொரு சேவல் வந்து பாடியதும் முட்டை மலையாகக் குவிகிறது! குரல்கள் மிமிக்ரிதான்.

அசையும் கேலிச்சித்திரம் லேசுப்பட்டதல்ல. திரையில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள், ஓடும். வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம் வரையவேண்டும். மூக்கு, காது, தாடை என எல்லாவற்றையும் பெரிதாக்கினால், தலை திரும்பும்போது ஜாடை கலைந்துவிடும். அதனால் ஓரிரு அடையாளத்தையே பிடிப்பார்கள்: சினாட்ராவுக்கு ஒல்லி உடம்பு, கிராஸ்பிக்கு புகைபிடிக்கும் பைப்.