பெயர் ஏமாற்றும், எண் காட்டிக்கொடுக்கும்: இணையத்தில் துப்புத் துலக்குவது பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் சாலைப் பணிகள் திரும்பத் திரும்ப ஒரே கம்பெனிக்குப் போகின்றன. அதன் பின்னால் இருப்பவர் யார் என்று இணையத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா? (திருப்பூர் மாவட்ட வாசகர்)

பதில்: பெருமளவு முடியும். பணி ஆணையில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அது 'பிரைவேட் லிமிடெட்' என்று முடிந்தால், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, 'மாஸ்டர் டேட்டா' பகுதியில் தேடுங்கள். அங்கே கம்பெனியின் 21 இட அடையாள எண் கிடைக்கும். அதன் முதல் எழுத்து, கம்பெனி பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதா இல்லையா என்பதைச் சொல்லும். அடுத்த 5 இலக்கம் தொழில், பிறகு 2 எழுத்து மாநிலம், அதையடுத்து 4 இலக்கம் கம்பெனி தொடங்கிய ஆண்டு. சென்னைப் பதிவாளரிடம் பதிவானவற்றில் 'டிஎன்' என்றும், கோவையில் பதிவானவற்றில் 'டிஇசட்' என்றும் இருக்கும். 'டிஎன்' என்று மட்டும் வடிகட்டினால் திருப்பூர்க் கம்பெனிகள் பலவும் பட்டியலில் இருந்து விழுந்துவிடும்.

அடுத்தது இயக்குநர்கள். இங்கேதான் நம் ஊர்ப் பெயர்கள் காலை வாரும். ஊரில் 'எஸ். முருகன்' என்று அறியப்பட்டவர் ஆவணத்தில் 'முருகன் சுப்பிரமணியன்' ஆகியிருப்பார். இன்னொரு கம்பெனியில் 'சுப்ரமணியம் முருகன்' என்று இருப்பார். ஆங்கில எழுத்துக்கூட்டலும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் ஒவ்வொரு இயக்குநருக்கும் 8 இலக்க எண் ஒன்று உண்டு. ஒருவருக்கு வாழ்நாளுக்கும் ஒரே எண்தான். பெயரை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போங்கள். அவர் வேறு எந்தெந்தக் கம்பெனிகளில் இருக்கிறார், எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பதெல்லாம் வரிசையாக வரும். ஏலத்தில் 'போட்டியிட்ட' மூன்று கம்பெனிகளிலும் அதே எண் தென்பட்டால், உங்கள் செய்தியின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

இயக்குநர்கள் பெயருக்கு உட்கார்த்தி வைக்கப்பட்டவர்களாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டணம் செலுத்தி அது தாக்கல் செய்த ஆவணங்களையும் பாருங்கள். ஆண்டறிக்கைப் படிவத்தில் பங்குதாரர் விவரமும், கணக்குப் படிவத்தில் கடன் கொடுத்தவர் யார் என்பதும் இருக்கும். பார்வையிடத் தரப்படும் நேரம் குறைவு. உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: இரண்டு கம்பெனிகளுக்கும் ஒரே முகவரி என்பதை மட்டும் வைத்து முடிச்சுப் போடாதீர்கள். அது அவர்களுடைய ஆடிட்டரின் அலுவலகமாக இருக்கும். அதே கதவு எண்ணில் நூறு கம்பெனிகள் பதிவாகியிருக்கும்.

சிறிய ஒப்பந்தக்காரர்கள் பலர் தனிநபர்கள் அல்லது கூட்டு நிறுவனங்கள். அவர்கள் இந்தத் தளத்தில் இருக்க மாட்டார்கள். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கடைப் பெயரும் சட்டப்பூர்வமான பெயரும் தனித்தனியாக வரும். 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண். ஆறாவது இடத்து எழுத்தைக் கவனியுங்கள்: 'பி' என்றால் தனிநபர், 'எஃப்' கூட்டு நிறுவனம், 'சி' கம்பெனி, 'டி' (T) அறக்கட்டளை.

நிலம் சம்பந்தப்பட்டதென்றால் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பாருங்கள். அதற்குப் பெயர் போதாது. சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் வேண்டும். உட்பிரிவு செய்யப்பட்ட நிலத்துக்குப் பழைய எண், புதிய எண் இரண்டையும் போட்டுப் பார்க்காவிட்டால் பாதிப் பத்திரங்கள் கண்ணில் படாது.

கேள்வி: அரசுத் தளத்திலிருந்து இறக்கிய பயனாளிகள் பட்டியலில் பெயரைத் தேடினால் 'எதுவும் இல்லை' என்று வருகிறது. கண்ணால் பார்த்தால் பெயர் இருக்கிறதே? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. கோணல்மாணலான ஆங்கில எழுத்துகளாக வந்தால் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடாக்குங்கள். வரியைத் தேர்வு செய்யவே முடியாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம்.

படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறங்கள். தமிழையும் எழுத்தாக்கித் தரும். ரகசியமான ஆவணம் என்றால் அதை ஏற்றாதீர்கள். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளைத் தமிழ்த் தொகுப்புடன் உங்கள் கணினியிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். எழுத்தாக உள்ள அட்டவணையை எக்செல்லுக்கு எடுக்க டாபுலா என்ற மென்பொருள் போதும். ஸ்கேன் படத்தில் அது வேலை செய்யாது. எழுத்தாக்கும்போது 1 என்பது 7 ஆவதும், 3 என்பது 8 ஆவதும் சகஜம். தொகைகளை நீங்களே கூட்டி, ஆவணத்தில் அச்சிட்டுள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

2024இல் தேர்தல் பத்திர விவரம் வெளியானபோது இந்த உழைப்பின் அருமை தெரிந்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் வெளியிட்டவை, வாங்கியோர் பட்டியல், பணமாக்கிய கட்சிகள் பட்டியல் என ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு பிடிஎஃப்கள். உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்ட பிறகு, மார்ச் 21 அன்று பத்திர எண்களோடு பட்டியல்கள் வந்தன. இரண்டையும் எக்செல்லில் அந்த எண்ணைக் கொண்டு இணைத்த பிறகே எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று நாட்டுக்குத் தெரிந்தது.

கேள்வி: வாட்ஸ்ஆப்பில் வந்த வன்முறை வீடியோ எங்கே, எப்போது எடுத்தது என்று எப்படி அறிவது? (மதுரை வாசகர்)

பதில்: வாட்ஸ்ஆப் வழக்கமாக அனுப்பும் கோப்பில், எடுத்த நேரம், இடம் பற்றிய உள்விவரம் அழிந்துவிடும். எடுத்தவரைத் தெரிந்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையேல் இன்விட் என்ற உலாவி நீட்சியில் வீடியோவைப் போட்டு முக்கியச் சட்டகங்களைப் படங்களாகப் பிரித்து, கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ் ஆகிய இரண்டு தேடுபொறிகளிலும் தேடுங்கள். பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

புதிது என்றால் பின்னணியைப் படிக்க வேண்டும். கேமரூனில் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக்கொன்ற வீடியோவை 2018இல் பிபிசியின் புலனாய்வுக் குழுவான 'ஆஃப்ரிக்கா ஐ' இப்படித்தான் ஆராய்ந்தது. தொலைவில் தெரிந்த மலைமுகட்டின் வடிவத்தைக் கூகுள் எர்த்தில் பொருத்தி இடத்தைக் கண்டார்கள். எந்தெந்தக் கட்டடம் எப்போது எழுந்தது, எப்போது இடிந்தது என்று செயற்கைக்கோள் படங்களில் பார்த்து ஆண்டைக் குறுக்கினார்கள். நடந்து செல்லும் சிப்பாய்களின் நிழலைக் கொண்டு, 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையில் என்று நாளைக் குறித்தார்கள். வீடியோவே பொய் என்று சொல்லியிருந்த அரசு, பிறகு சிப்பாய்களைக் கைது செய்ததாக அறிவித்தது.

நிழல் கணக்குக்கு, சூரியன் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று காட்டும் சன்கால்க் தளம் உதவும். ஆனால் ஒரே நிழல் திசை ஆண்டில் இரண்டு காலங்களில் வரும். ஆகவே நிழலை மட்டும் நம்பித் தேதி போடக் கூடாது. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளி 10 மீட்டர். ஏரி ஆக்கிரமிப்பும் மணல் குவாரியும் தெரியும், லாரி தெரியாது.

கேள்வி: நாங்கள் கேள்வி கேட்டதும் துறையின் தளத்திலிருந்து பக்கம் நீக்கப்பட்டுவிட்டது. ஸ்கிரீன்ஷாட் சாட்சியாகுமா? (சேலம் வாசகர்)

பதில்: பலவீனமான சாட்சி. உலாவியிலேயே எழுத்தை மாற்றி யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். துறையிடம் கேள்வி கேட்கத் தொலைபேசியைக் கையில் எடுக்கும் முன்பே, அந்தப் பக்கத்தை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்துவிடுங்கள். கேப்சா, உள்நுழைவு உள்ள பக்கங்கள் அதில் பதியாது. அவற்றை முகவரியும் தேதியும் தெரியும்படி பிடிஎஃப் ஆக்கி, அன்றே ஷா-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) எடுத்துக் குறித்து வையுங்கள். பிறகு கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவில் வரும் மின்னணு ஆவணச் சான்றிதழும் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது.

கேள்வி: விசாரிக்கும் நபரின் சமூக ஊடகப் பக்கத்தை என் சொந்தக் கணக்கிலிருந்து பார்க்கலாமா? (வேலூர் வாசகி)

பதில்: வேண்டாம். லிங்க்ட்இன் நீங்கள் வந்து போனதை அவருக்கே சொல்லிவிடும். அமைப்புகளில் 'பிரைவேட் மோட்' போட்ட பிறகே திறங்கள். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியைத் திறந்தாலும் பார்த்தவர் பட்டியலில் உங்கள் பெயர் ஏறும். அதைத் தொடாமல் பதிவுகளை மட்டும் பாருங்கள்.