புகழின் இரைச்சல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் குறிப்பிட்டதால் டாக் டாக் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ பாடல் தொகுப்பை அலுவலகம் செல்லும் பேருந்தில் கேட்டேன். மூன்று முறை முயன்றும் பாதியைத் தாண்ட முடியவில்லை. 1988இல் அதைக் கேட்டு விமர்சகர்கள் பலர் குழம்பினார்களாம். இன்றோ மகத்தான படைப்பு என்கிறார்கள். விமர்சனங்களை நம்பலாமா? எனக்குத்தான் ரசனை இல்லையா? கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சென்ற வாரம் முழுவதும் இதே தொகுப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன். விமர்சனங்களை நம்பலாமா என்பதற்குப் பலமுறை பதில் சொல்லியாயிற்று, விடுங்கள். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அது 19ஆம் இடத்தோடு நின்றதும் ஒரு பொருட்டல்ல.

அதற்கு முன் 1986இல் வந்த அவர்களின் ‘தி கலர் ஆஃப் ஸ்பிரிங்’ தொகுப்பு நன்றாக விற்றது. அந்த வெற்றி தந்த சுதந்திரத்தில் குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃப்ரீஸ்-கிரீனும் லண்டனின் வெசெக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தை இருட்டாக்கி, மாதக்கணக்கில் கலைஞர்களை மனம்போல வாசிக்கவைத்து, பதிவானதில் பெரும்பகுதியைத் தூக்கியெறிந்துவிட்டு எஞ்சியதைக் கோத்தார்கள். அன்று குழம்பியவர்கள் முந்தைய தொகுப்பின் பாடல்களை இதில் தேடினார்கள். நீங்களோ பின்னால் வந்த புகழைத் தேடியிருக்கிறீர்கள். மகத்தானது இந்த நொடியில் வருமா, அடுத்த நொடியில் வருமா என்று காவல் காக்கும் காதில் எதுவும் விழாது. அதுவும் பேருந்தில், நடத்துநரின் விசிலுக்கு நடுவே! கோபம்தான் வருகிறது.

எனக்கு இது ஒரு நண்பர் பதிவுசெய்து தந்த கேசட்டாகத்தான் வந்தது. முதல் பாடலான ‘தி ரெயின்போ’ தொடங்கி இரண்டு நிமிடங்களுக்கு மேலாகத் தொலைவில் ஒரு டிரம்பெட், தந்திகளின் முனகல், இடையிடையே வெறுமை. நாடா கெட்டுவிட்டதென்று எண்ணி வெளியே எடுத்து, பென்சிலைச் செருகிச் சுற்றி இறுக்கி, பிளேயரின் ஹெட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். அப்போதும் அதே முனகல். சலித்துப்போய் அணைக்க எழுந்தபோது கிதார் நுழைந்தது. விரல் பொத்தானின்மேல் அப்படியே நின்றுவிட்டது. அது மகத்தானது என்று எனக்கு யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை. உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து உறுத்துகிறது.

இரவில், வீடு அடங்கியபின், ‘ஐ பிலீவ் இன் யூ’வை மட்டும் போடுங்கள். ஹெராயினைப் பற்றிய பாடல் அது. செம்ஸ்ஃபோர்ட் பேராலயத்தின் பாடகர் குழு நுழையும்வரை பொறுத்திருங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால், பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள், இம்முறை வெட்கப்படாமல்.