செஞ்சிக்கோட்டைக்குக் கூட்டிப்போனால் குழந்தை நன்றாக எழுதுமா?

கேள்வி: மகள் நான்காம் வகுப்பு. எங்கே போய்வந்தாலும் "போனோம், பார்த்தோம், மகிழ்ந்தோம்" என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறாள். அடுத்த மாதம் செஞ்சிக்குப் போகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், "வந்ததும் கட்டுரை எழுதணும்" என்று சொல்லாதீர்கள். சொன்ன நிமிடமே பார்ப்பது நின்றுபோகும். அறிவிப்புப் பலகையைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவாள்.

இன்னொரு தவறு, ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டுவது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளைச் சுற்றி எழுந்த கோட்டை அது. களைத்த பிள்ளைக்கு வெயில் மட்டும்தான் நினைவிருக்கும். காலையிலேயே போய், அடிவாரத்தில் கல்யாண மகால், களஞ்சியம், யானைக்குளம் மூன்றோடு நிறுத்துங்கள்.

சொற்களை அந்தந்த இடத்தில் வைத்துச் சொல்லுங்கள். மதிலைத் தொடும்போது 'மதில்', அதிலிருந்து துருத்தி நிற்கும் காவல் பகுதி 'கொத்தளம்', வெளியே பள்ளம் 'அகழி'. ஆறேழு சொல் போதும். வீட்டில் பட்டியலாக மனப்பாடம் செய்த சொல் எழுத்தில் வராது. கை தொட்ட சொல் வரும்.

பிறகு கேள்வி. "எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "களஞ்சியச் சுவர் ஏன் இவ்வளவு தடிமன்?" என்று கேளுங்கள். ராஜகிரி உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவு ஒன்று உண்டு; அந்நாளில் அதைத் தாண்டத் தூக்குப்பாலம் இருந்தது. மேலே ஏறாவிட்டாலும் கீழிருந்தே கேட்கலாம்: "பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி என்ன செய்வான்?" பதில் சொல்லும்போது 'எடுத்தால்', 'இல்லாவிட்டால்', 'அதனால்' எல்லாம் தானாக வாயில் வரும். அவளுடைய மூன்று வரியில் இல்லாதவை இந்த இணைப்புகள்தான். எனவே பேச்சு முதலில், எழுத்து பிறகு.

கோட்டையில் அவள் குறிக்க வேண்டியது ஐந்தே சொற்றொடர்: கண்டது, கேட்டது, தொட்டது, முகர்ந்தது, புரியாதது. 'பெரிய சுவர்' என்று எழுதினால், எத்தனை அடி எடுத்து வைத்தால் சுவர் முடிகிறது என்று நடந்து எண்ணச் சொல்லுங்கள்.

அன்றிரவு எழுத வேண்டாம், பாட்டியிடம் சொல்லட்டும். மறுநாள் எழுதட்டும்: ஒரே இடம், அங்கே அந்நாளில் நின்றதாக அவள் கற்பனை செய்யும் ஒரே காவலாளி, எட்டு வரி. செஞ்சியை ஆண்டு, 1714-இல் போரில் மாண்ட தேசிங்கு ராஜனின் கதையை முன்கூட்டியே சொல்லியிருந்தால், அந்தக் காவலாளி யாருக்காகக் காத்து நிற்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். எழுத்துப்பிழையை மூன்றாம் நாள் பாருங்கள். முதல் வாசிப்பிலேயே சிவப்பு மை விழுந்தால், அடுத்த முறை பிழை வராத சின்னச் சொற்களை மட்டுமே பிள்ளை தேடும்.